பட்டிப்பொல காற்றும் நூறு சிசி பைக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு இது. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நம்ம பக்கத்தில் பைக் வைத்திருக்கும் தம்பிமார் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. "நூறு சிசி பைக். மெயின் ரோட்டில் இழுவை காணாது. என்ன செய்யலாம்?" ஏர் ஃபில்டரைக் கழற்று என்பார் ஒருவர். சைலன்சரை வெட்டு என்பார் இன்னொருவர். போர் பண்ணிப் பெரிய பிஸ்டன் போடு என்பார் மூன்றாமவர். பெருநாளைக்கும் தீபாவளிக்கும் கொழும்பிலிருந்து இரவோடிரவாகப் பைக்கில் மலை ஏறி வரும் பிள்ளைகள் நம்ம ஊர்களில் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் இதைக் கராஜ் பேச்சு என்று விட முடியவில்லை. சின்ன எஞ்சினில் இருந்து கூட வலு எடுக்க உலகத்தில் என்னவெல்லாம் செய்து பார்த்தார்கள் என்ற கதை தெரிந்தால், எதற்குக் காசு செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்பது பிடிபடும்.

முதலில் நம்ம காற்று. பட்டிப்பொல ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாட்டிலேயே உயரமான நிலையம் என்று சொல்லி நாம் பெருமைப்படுகிறோம், சரி. ஆனால் அந்த உயரத்தில் காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். எஞ்சினுக்குப் பெற்றோல் மட்டும் போதாது, அதை எரிக்கக் காற்று வேண்டும். காற்று ஐதாக இருந்தால் வலு குறையும். ஆயிரம் மீட்டர் ஏறினால் கிட்டத்தட்ட பத்து வீதம் போகும் என்பது எஞ்சின்காரர்களின் பழைய கணக்கு. எட்டுக் குதிரைவலு என்று சொல்லி விற்கும் நூறு சிசி பைக், நம்ம ஊரில் ஆறரைக்குக் கொஞ்சம் மேலேதான் தரும். பைக்கில் பிழை இல்லை, பாஸிலும் பிழை இல்லை. அதே பைக் கினிகத்தேனை தாண்டிக் கித்துல்கலைக்கு இறங்கினால் யாரும் கை வைக்காமலே உசாராகிவிடும். சிலர் "கொழும்பில் சர்விஸ் பண்ணினேன், இழுவை வந்துட்டுது" என்று சொல்வதில் பாதிப் புகழ் கொழும்புக் காற்றுக்குச் சேர வேண்டியது!

இந்தச் சிக்கலை ரயில்காரர்கள் நமக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். நானுஓயா வரைக்கும் 1885 இல் வந்த பாதை, பட்டிப்பொல வழியாக ஹப்புத்தளைக்குப் போனது 1893 இல். 44 அடிக்கு ஓரடி ஏற்றம், அதோடு நெருக்கமான வளைவுகள். இழுவை வேண்டும் என்று நீளமான பெரிய எஞ்சினைக் கொண்டுவந்தால் அது வளைவில் திரும்பாது. சின்ன எஞ்சினுக்கு இழுவை போதாது. முதலில் பின்னால் இன்னோர் எஞ்சினைப் பூட்டித் தள்ள வைத்தார்கள். பிறகு 1927 இல் மன்செஸ்டரில் இருந்து 'கராட்' எஞ்சின் ஒன்று வந்தது. ஒரே கொதிகலன், அதன் முன்னாலும் பின்னாலும் சில்லுகளோடு இரண்டு எஞ்சின் தொகுதி, நடுவில் மடங்கித் திரும்பும் அமைப்பு. 1945 இல் அதைப்போல் இன்னும் எட்டு. பெரிதாக்க முடியாத இடத்தில் அமைப்பை மாற்றி வலு எடுத்தார்கள். 1975 இல் கனடாவில் இருந்து வந்த எம்4 டீசல் எஞ்சின்களுக்கு டர்போ இருந்தது.

டர்போ என்பது என்ன? வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு விசிறியைச் சுழற்றி, அதே தண்டில் இருக்கும் மற்ற விசிறியால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிப்பது. சுவிற்சர்லாந்து பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905 இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். அது உயரத்தில் வேலை செய்யும் என்று காட்டியவர் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் மொஸ். 1918 இல் அவர் ஒரு விமான எஞ்சினை லொறியில் ஏற்றி, 4,300 மீட்டர் உயரமான பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுபோனார். கீழே 350 குதிரைவலு தந்த அந்த எஞ்சின் உச்சியில் 230 தான் தந்தது. டர்போவைப் பூட்டியதும் 356. நம்ம பைக் பட்டிப்பொலயில் சோர்வதற்கும் அந்த எஞ்சின் அங்கே சோர்ந்ததற்கும் காரணம் ஒன்றுதான். பைக்கிலும் டர்போ வந்தது. ஹொண்டா 1982 இல் 500 சிசி டர்போ பைக் ஒன்றை விற்றது. பாரம், விலை, முறுக்கியதும் உடனே வராமல் திடீரென்று பாயும் வலு என்று பல தொல்லை, நிலைக்கவில்லை. நூறு சிசிக்கு அதை நினைத்தே பார்க்க வேண்டாம்.

அப்படியானால் சின்ன எஞ்சின்காரர்கள் என்ன செய்தார்கள்? இந்தக் கதை எங்களுக்கு மிகவும் பிடித்தது. போர் முடிந்த 1946 இல் சொய்ச்சிரோ ஹொண்டா, இராணுவம் கைவிட்ட வானொலிக் கருவிகளின் சிறிய ஜெனரேற்றர் எஞ்சின்களை வாங்கிச் சைக்கிளில் பூட்டி விற்றார். பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, சனம் நடந்து திரிந்த காலம். 2022 இல் கியூ.ஆர். காட்டி ஒரு கிழமைக்கு நாலு லீற்றர் வாங்கிய நமக்கு அந்தக் காலம் கொஞ்சம் விளங்கும். பன்னிரண்டு வருடம் கழித்து, 1958 இல், 'சூப்பர் கப்' வந்தது. 49 சிசி, நாலரைக் குதிரைவலு. அந்தக் குடும்பத்து வண்டிகள் 2017 ஆகும்போது உலகம் முழுக்கப் பத்துக் கோடி தாண்டிவிட்டன. ஐம்பது சிசியில் நாலரை எப்படி வந்தது? எஞ்சினை வேகமாகச் சுழல விட்டார்கள், நிமிடத்துக்கு 9,500 சுற்று வரை. அந்தக் காலத்து ஆங்கிலேய பைக்குகள் அதில் பாதிக்கே மூச்சு வாங்கும்.

ஹொண்டா 1959 இல் 125 சிசி பைக்கோடு இங்கிலாந்துப் பக்கத்து ஐல் ஒஃப் மேன் பந்தயத்துக்குப் போனபோது ஆறாம் இடம்தான் கிடைத்தது. 1961 இல் 125, 250 இரண்டிலும் முதலிடம். 1966 ஆகும்போது அவர்களுடைய 50 சிசி பந்தய பைக் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுழன்றது. நம்ம வீட்டுத் தையல் மெஷின் மோட்டார் அளவான ஒரு எஞ்சின், இரண்டு சிலிண்டர்! ஆனால் அது ஒரு பந்தயம் ஓடினால் போதும் என்று செய்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போகச் செய்ததல்ல.

இரண்டாவது வழி சைலன்சர். "வெட்டினால் வலு வரும்" என்ற கதை எங்கேயிருந்து வந்தது என்று பார்த்தால் கிழக்கு ஜேர்மனிக்குப் போக வேண்டும். எம்.இசட். கம்பனியில் வால்டர் காடன் என்ற பொறியியலாளர் இருந்தார். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எரியாத பெற்றோலும் புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். காடன், சைலன்சர் குழாயை நடுவில் அகலித்துப் பிறகு ஒடுக்கினார். புகை ஓடும்போது பிறக்கும் அழுத்த அலை அந்த ஒடுக்கத்தில் பட்டுத் திரும்பி வந்து, வெளியே ஓடிய கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளியது. குழாயின் நீளம் கொஞ்சம் பிசகினாலும் அலை நேரம் தவறி வரும், வலு குறையும். 1961 இல் அவருடைய 125 சிசி பைக் 25 குதிரைவலு தந்தது. அதே வருடம் அவருடைய ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர், சுவீடனில் நடந்த பந்தயத்தோடு மேற்குப் பக்கம் தப்பிப் போய், அந்த இரகசியத்தோடு சுசுகியில் சேர்ந்தார். அடுத்த வருடமே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. ஜப்பான் டூ ஸ்ட்ரோக் பைக்குகளில் பிறகு நாம் பார்த்த வயிறு பெருத்த குழாய்கள் எல்லாம் காடன் வீட்டுச் சொத்து.

அதன் பேரப்பிள்ளைதான் இந்தியாவில் 1985 இல் வந்து 1996 வரை ஓடிய யமஹா ஆர்.எக்ஸ். 100. 98 சிசி, 11 குதிரைவலு. அதே காலத்து நூறு சிசி ஃபோர் ஸ்ட்ரோக் ஏழு எட்டுக்கு மேல் தராது. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம் என்ற பழைய போர்க்கால விமான ஓடுபாதையிலும், 1990 க்குப் பிறகு இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயம் ஓடிய தமிழ்ப் பையன்கள் எத்தனையோ பேர் போர்ட்டை அரத்தால் தேய்த்து, தலையைச் சீவி, குழாயை ஒட்டி ஒட்டித்தான் எஞ்சின் படித்தார்கள். நம்ம பக்கத்திலும் நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934 முதல் இருக்கிறது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் சின்னத்துரைமாரின் வண்டி. லயத்துப் பிள்ளைக்கு அதன் சத்தம்தான் சொந்தம். 1977 க்குப் பிறகு ஜப்பான் பைக்குகள், அதற்குப் பிறகு லீசிங்கில் இந்திய பைக்குகள் என்று வந்த பின்தான் நம் வீட்டு வாசலில் ஒன்று நின்றது. அதனால் தம்பிமாரின் ஆசையை நாங்கள் குறை சொல்ல மாட்டோம்.

ஆனால் இன்றைக்கு நம்மிடம் இருப்பது ஃபோர் ஸ்ட்ரோக். அதில் வால்வு இருக்கிறது, காடனின் அலை வித்தை அந்த அளவுக்கு நடக்காது. கம்பனி சைலன்சரை வெட்டினால் பெரிதாகக் கூடுவது சத்தம். காதுக்கு வேகமாகத் தெரியும், மீட்டருக்குத் தெரியாது, பொலிஸுக்கு நன்றாகத் தெரியும். ஏர் ஃபில்டரைக் கழற்றினால் தோட்டத்து ரோட்டுத் தூசி நேரே சிலிண்டருக்குள் போய் ரிங்கைத் தின்னும்.

ஜெட் விஷயம் இன்னும் முக்கியம். காபரேட்டர் பைக்கில் காற்று ஐதானாலும் ஜெட் கொடுக்கும் பெற்றோல் அதே விகிதத்தில் குறையாது. அதனால் நம்ம ஊரில் கலவை கொழுத்துப் போகும், ப்ளக் கறுக்கும், இழுவை செத்துவிடும். இதற்கு மருந்து சின்ன ஜெட். "கூடப் பெற்றோல் போனால் கூட வலு" என்று ஜெட்டைத் துளைத்துப் பெரிதாக்குவது பட்டிப்பொலயில் நேரெதிர் வைத்தியம். மறுபுறம், இங்கே சின்ன ஜெட் போட்டுச் சரிப்படுத்திய பைக்கை அப்படியே அவிசாவளைக்கு இறக்கி முறுக்கினால், அங்கே காற்று தடிப்பு, பெற்றோல் போதாது, எஞ்சின் கொதித்து பிஸ்டன் பிடிக்கும். தலையைச் சீவி அமுக்கத்தைக் கூட்டினாலும் இதே கதை. மலையில் தட்டாத எஞ்சின் கீழே 92 பெற்றோலில் தட்டத் தொடங்கும். அமெரிக்காவின் கொலராடோ மலைப் பகுதியில் 85 ஒக்டேன் பெற்றோல் விற்பதே, மெல்லிய காற்றில் அது போதும் என்பதால்தான். இஞ்ஜெக்‌ஷன் பைக்குகளுக்கு இந்தத் தலைவலி குறைவு, சென்சர் காற்றழுத்தத்தை அறிந்து பெற்றோலைக் குறைத்துக்கொள்ளும். 2020 இல் இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து 2025 வரை புது பைக் கனவாக இருந்ததால், நம்ம ஊரில் இன்னும் காபரேட்டர்தான் அதிகம்.

போர் பண்ணினால்? 50 மில்லிமீட்டர் பிஸ்டனுக்குப் பதில் 53 போட்டால் கொள்ளளவு பன்னிரண்டு வீதம் கூடும். அதாவது மலை பறித்ததில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான். பதிவுப் புத்தகத்தில் இருக்கும் சிசி ஒன்று, எஞ்சினில் இருப்பது ஒன்று என்றால் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரரிடம் யார் பேசுவது?

இனி வேகக் கணக்கு. மெயின் ரோட்டில் வேகம் கூடக் கூட எஞ்சின் சண்டை பிடிப்பது காற்றோடு. அதற்கு வேண்டிய வலு வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 80 இல் போகும் பைக் 100 இல் போக வேண்டுமானால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வலு வேண்டும். கால் மடங்கு வேகத்துக்கு இரண்டு மடங்கு! சைலன்சரை வெட்டி அது வராது. முன் ஸ்ப்ரொக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் சமதரையில் எஞ்சின் அலறாமல் ஓடும், ஆனால் ரம்பொடை ஏற்றத்தில் இரண்டாம் கியரிலேயே கிடக்க வேண்டி வரும். அதிவேகப் பாதைகளில் எப்படியும் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. நம்மிடம் இருப்பது ஹட்டன் ரோடும் கண்டி ரோடும் அவற்றின் வளைவுகளும்தான்.

வால்வு இடைவெளி சரியாக்குவது, தேய்ந்த ரிங்கை மாற்றுவது, செயினைத் துடைத்து எண்ணெய் விடுவது, டயரில் காற்றுச் சரி பார்ப்பது. பழைய பைக்கில் தொலைந்துபோன வலுவில் பெரும்பகுதி இந்த நாலிலேயே கிடைக்கிறது. மலிவும்கூட.

இன்னொன்று. நூறு வருடமாக எஞ்சினை எவ்வளவோ முன்னேற்றிய இந்தக் கதையில் பிரேக் பற்றிப் பேசியவர்கள் குறைவு. நூறு சிசி பைக்கின் டிரம் பிரேக்கை எட்டுக் குதிரைவலுவுக்கு அளந்துதான் கம்பனி போடுகிறது. நம்ம ரோடுகளில் ஆளைக் கொல்வது ஏற்றத்தை விட இறக்கம். 2023 ஜனவரி 20 இல் நானுஓயா ரதெல்ல இறக்கத்தில் பஸ் ஒன்று வேனிலும் ஆட்டோவிலும் மோதி ஏழு பேர் போனது யாருக்கும் மறந்திருக்காது. விடுமுறைக்கு வந்த தம்பிமார் திரும்பிப் போகும் முன் முன் பிரேக் ஷூவைக் கழற்றிப் பாருங்கள், கேபிளில் பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விடாமல், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஜெட்டை மாற்றியவர்கள், பழைய ஜெட்டை ஒரு பொலித்தீனில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். கித்துல்கலையில் நிறுத்தி மாற்றிவிட்டுப் போகலாம், பத்து நிமிட வேலை.