கண்ணில் படாத நூல்

போன வருஷம் என் பழைய டீம் லீடர் வேலையை விட்டுவிட்டு ஸ்காட்லாந்துக்குத் திரும்பிப் போனார். போகும்போது ஒரு ஃப்ளை ஃபிஷிங் ராடையும் ரீலையும் என் கையில் கொடுத்து, காவிரிக்காரன் நீ, வைத்துக்கொள் என்றார். தஞ்சாவூர் வீட்டில் வந்து பிரித்துப் பார்த்தால் ரீலின் உருளை மொட்டையாக இருந்தது. பச்சை நிறத்தில் தடித்த நூல் ஒன்று தனியாகச் சுருட்டிக் கிடந்தது. அதை அப்படியே சுற்றக்கூடாதாம், அடியில் முதலில் பேக்கிங் சுற்றவேண்டுமாம்.

"எதைடா பேக் பண்ணணும்?" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து அதற்கு நான் வைத்த பெயர் அடிநூல்.

இந்த வகைத் தூண்டிலில் இரைக்கு எடையே கிடையாது. கொக்கியில் இறகும் நூலும் கட்டிச் செய்த பொய்ப்பூச்சி அது. அதனால் வீசுவதற்கான எடை நூலில் இருக்கவேண்டும். அந்தத் தடித்த நூல் சுமார் 27 மீட்டர்தான், விலையும் அதிகம். அடிநூலுக்கு இரண்டு வேலை. உருளையைப் பருமனாக்கும், அப்போதுதான் ஒரு சுற்றுக்கு நிறைய நூல் உள்ளே வரும், சுருளும் விழாது. இரண்டாவது, மீன் 27 மீட்டரையும் இழுத்துக்கொண்டு ஓடினால் கையிருப்பாக நிற்கும்.

ஆன்லைனில் பேர்போன வெளிநாட்டு டேக்ரான் நூலின் விலையைப் பார்த்தேன். ரீலுக்குள் ஒளிந்துகிடக்கப் போகிற ஒன்றுக்கு இவ்வளவா என்று மனசு வரவில்லை. மலிவாக என்ன கிடைக்கும் என்று தேடப் போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் விழுந்தேன்.

அடிநூலே சிக்கனத்தில் பிறந்த சாமான். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நல்ல தூண்டில் நூல் என்றால் பட்டு. பின்னிய பட்டில் ஆளிவிதை எண்ணெய் ஏற்றிப் பதப்படுத்துவார்கள். ஈரத்தோடு விட்டால் மக்கிவிடும், தினமும் ராத்திரி பிரித்துக் காயவைக்கவேண்டும். அத்தனை விலையுள்ள பட்டை ரீல் முழுக்கச் சுற்ற எல்லோருக்கும் கட்டுமா? முன்னால் பட்டு, பின்னால் சணலோ லினனோ என்று ஒட்டுப்போட்டார்கள்.

இந்தச் சாமான்களோடுதான் வெள்ளைக்கார அதிகாரிகள் நம் ஆறுகளுக்கு வந்தார்கள். மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் மங்களூரில் 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகத்தை வெளியிட்டார். அதன் நாயகன் மஹசீர். எடைக்கு எடை பார்த்தால் சால்மனையே மிஞ்சும் மீன் என்பது அவர் கட்சி. கொக்கி தைத்ததும் மஹசீர் ஓடும் முதல் ஓட்டம்தான் அதன் புகழுக்குக் காரணம். அந்த ஓட்டத்தில் மேல்நூல் முழுக்கப் போய்விடும். அப்போது மீனுக்கும் மனுஷனுக்கும் நடுவே மிஞ்சுவது அடிநூல்தான். காவிரியின் கிளையான கபினியில் 1946இல் மைசூர் வான் இங்கன் பிடித்த மஹசீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. அவர் பொய்ப்பூச்சியால் பிடிக்கவில்லை என்றாலும், அந்த அளவு மீன் இருந்த ஆற்றில் கையிருப்பு நூல் எதற்கு என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் சின்னத்தாத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. வெண்ணாற்றில் தூண்டில் போட்டே வளர்ந்தவர். அவர் காலத்தில் பருத்தி நூல்தான். "பனிச்சங்காய இடிச்சு அந்தச் சாத்துல ஊறப்போடணும் தம்பி. இல்லன்னா ஒரு மழைக்குள்ள இத்துப்போயிடும்" என்றார். அங்கே ஆளிவிதை எண்ணெய், இங்கே பனிச்சங்காய்த் துவர்ப்பு. பகை ஒன்றுதான், ஈரம்.

அந்தப் பகையைத் தீர்த்தது ரசாயனம். 1938இல் டூபாண்ட் நிறுவனம் நைலானை அறிவித்தது. 1941இல் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இரு ஆங்கிலேயர்கள் பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள். அதை அமெரிக்காவில் டூபாண்ட் விற்ற பெயர்தான் டேக்ரான். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் விலை பார்த்து மலைத்த அந்த நூல், என் சட்டையில் இருக்கும் அதே பாலியெஸ்டர்!

அப்புறம் சோதனைக்கு இறங்கினேன். தஞ்சாவூர்த் தூண்டில் கடையில் ஒற்றை நைலான் நரம்பு வாங்கினேன். நாகப்பட்டினத்தில் வலைச்சாமான் விற்கும் கடையில் பின்னல் பாலியெஸ்டர் நூல் கிடைத்தது. கொல்லைப்புறக் கொடிக்கம்பியில் இரண்டையும் நனைத்து முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டு, கீழே ஒரு வாளியைக் கட்டினேன். அடிநூலுக்குச் சொல்லப்படும் வழக்கமான பலம் 20 பவுண்டு, சுமார் 9 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இதற்கு லேப் எதுக்கு?

இரண்டுமே பத்து லிட்டரைத் தாங்கின. ஆனால் நரம்பு ரப்பர் மாதிரி நீண்டது. அதை இழுத்துப் பிடித்து ரீலில் சுற்றிப் பார்த்தேன். மறுநாள் உருளை உரசிக்கொண்டு சுற்றியது. நீண்ட நரம்பு சுருங்கப் பார்த்து உருளையின் ஓரங்களை வெளியே தள்ளியிருக்கிறது. அவசரமாகப் பிரித்தேன். 1990களில் வந்த டைனீமா வகை நூலையும் யோசித்தேன். அது இரும்புக்குச் சவால் விடும். ஆனால் மிக மெல்லிசு, உருளையை நிரப்ப நிறைய வாங்கவேண்டும், ஓட்டத்தில் விரலையும் அறுக்கும். முறுக்கு நூல் சிக்கலாகும். மிஞ்சியது நாகப்பட்டினத்துப் பின்னல் நூல்.

அதைவிடப் பலமாக வாங்குவதில் அர்த்தமில்லை. கொக்கிக்கு மேலே வரும் கடைசி நரம்பு மூன்று கிலோவுக்கே அறுந்துவிடும். சங்கிலியில் பலவீனமான கண்ணியைத் தாண்டி மற்ற கண்ணிகளுக்குச் செலவழிப்பது வீண், சாஃப்ட்வேரிலும் அப்படித்தான்.

எவ்வளவு நீளம் என்ற கேள்வியில்தான் சிக்கினேன். வெண்ணாற்றிலும் வாய்க்கால்களிலும் எனக்குக் கிடைக்கப் போவது கையளவு கெண்டையும் ஜிலேபியும். எங்கள் ஊர் வாய்க்காலின் அகலமே பத்து மீட்டர். கையிருப்பு தேவையே இல்லை, உருளை நிரம்பினால் போதும் என்றது கணக்கு.

கணக்கு சரிதான். ஆனால் அது சரியாக வருவதற்கு ஆறு இளைக்கவேண்டியிருந்தது. வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் மீன் நமக்கு உல்லம். கடலிலிருந்து முட்டையிடக் கொள்ளிடத்தில் ஏறி வரும். 1830களில் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை அதன் வழியை மறித்தது. ஆற்றுக்குக் குறுக்கே கட்டும் அணைகள் மீனினத்தை அழிக்கும் என்று ஃபிரான்சிஸ் டே 1873இலேயே அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1907இல் ஃபிரெடரிக் நிக்கல்சன் மதராஸ் மீன்வளப் பணியகத்தைத் தொடங்கிய சில வருஷங்களில், கீழணையில் உல்லத்தின் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்கவைத்துப் பார்த்தார்கள். 1934இல் மேட்டூர் அணை வந்து வெள்ளத்தையும் பிடித்துக்கொண்ட பிறகு, உல்லத்தின் வரத்து சுருங்கிப்போனது. மேலே மலைப்பகுதியில் திமில் மஹசீரின் கதை இன்னும் மோசம். அதற்கு டோர் ரேமாதேவி என்ற அறிவியல் பெயர் உறுதியானதே 2018இல்தான். அதே வருஷம் அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலிலும் அது சேர்ந்தது.

அந்த அணைகளின் தண்ணீரில் விளைந்த சோற்றைத்தான் நானும் தின்று வளர்ந்தேன். குற்றம் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. ஆனாலும் மலிவான நூல் எனக்குப் போதும் என்பதில் என் சாமர்த்தியம் பாதிதான், மீதி ஆற்றின் நஷ்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவிலேயே சுற்றினோம். அளவு கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. முதலில் மேல்நூலைச் சுற்றி, அதன்மேல் அடிநூலை ஓரம் வரை சுற்றி வெட்டிவிடவேண்டும். பிறகு எல்லாவற்றையும் பிரித்து, தலைகீழாகச் சுற்றவேண்டும். தாத்தா நூல் முனையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையார் கோயில் வரை நடந்தார். உருளையில் போடவேண்டிய சுருக்கு முடிச்சைக் காட்டினேன். "இது மாட்டுக்குப் போடுறதுதானே" என்று அவரே போட்டு இறுக்கினார்.

கடைசிச் சுற்று முடிந்ததும் வெள்ளை நூல் முழுக்கப் பச்சைக்கு அடியில் மறைந்தது.

"இது திரும்ப எப்ப வெளிய வரும்?" என்றார்.

"பெரிய மீன் ஒண்ணு இழுத்துட்டு ஓடுனா வரும் தாத்தா."

அவர் ரீலை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "அப்ப நல்ல நூலாத்தான் போட்டுருக்கணும்டா. என்னிக்காவது வந்துச்சுன்னா?"

மறுநாள் நாகப்பட்டினம் போய் இன்னொரு உருண்டை வாங்கி வந்தேன். அதே நூல்தான். முதலில் சுற்றியதைக் கழற்றி, மேல்நூலுக்கு இடம் விட்டு உருளை கொள்ளும் மட்டும், நடுவில் ஒட்டில்லாமல் ஒரே நூலாகச் சுற்றினேன்.

ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாள். தண்ணீர் எங்கள் மதகுக்கு வரட்டும்.