ஓ.எஸ். போட்ட காலம்

கணிப்பொறியை வாங்குவது ஒரு காரியமாகவும், வாங்கிய யந்திரத்தை உபயோகத்துக்குக் கொண்டுவருவது அதனினும் பெரிய வேறொரு காரியமாகவும் இருந்த காலம் வெகு தூரத்தில் இல்லை. சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவிலே பெட்டி ஒரு கடையிலும், மதர்போர்டு மற்றொரு கடையிலும், ஹார்ட் டிஸ்க் மூன்றாவது கடையிலுமாகப் பொறுக்கிச் சேர்த்துப் பூட்டிய யந்திரமானது, மின்சாரம் பாய்ந்ததும் தன் மெமரியின் அளவை ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு ஆரம்பிப்பதற்குத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்ற தகவலைக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் அறிவித்து நின்றுவிடும். அந்த நிலையிலிருந்து அதை மீட்டு, சித்திரமும் ஓசையும் எழுத்தும் காட்டுகிற கருவியாக ஆக்கும் வித்தைக்குத்தான் கடைத்தெருவில் ஓ.எஸ். போடுவது என்று பெயர்; ஓ.எஸ். என்றால் யந்திரத்தை இயக்கும் அமைப்பு. அந்த வித்தை தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்கு ஓய்வு கிடையாது.

அந்நாளைய அமைப்புகள் மனிதன் சொன்னபடி கேட்டன என்றும், விரும்பிய இடத்தில் விரும்பியதை மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தன என்றும், இப்போதைய அமைப்புகளுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை என்றும் ஏக்கத்தோடு சொல்லுகிறவர்கள் உண்டு. மாற்றிக்கொள்ள இடம் இருந்தது உண்மை. ஆனால் அது பெருந்தன்மையால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. தான் எந்த யந்திரத்தில் வந்து அமர்ந்திருக்கிறோம், அதில் என்னென்ன உறுப்புகள் பொருத்தப்பட்டிருக்கின்றன, எதிரே உட்கார்ந்திருப்பவர் எந்தப் பாஷைக்காரர் என்பவற்றில் ஒன்றும் அந்த அமைப்புகளுக்குத் தெரியாது. தெரியாததையெல்லாம் மனிதனே எழுதித் தரவேண்டியிருந்தது. எழுதித் தரும் அதிகாரம் கைக்கு வந்தவன், அவசியத்துக்கு மேலும் சிறிது எழுதிப் பார்த்தான்.

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். கம்பெனி தன்னுடைய பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, அதிலிருந்த இன்டெல் 8088 பிராஸஸர் எட்டிப் பிடிக்கக்கூடிய மெமரி மொத்தமே ஒரு மெகாபைட்தான். அதில் 384 கிலோபைட்டைத் திரைக்கும் இதர உறுப்புகளுக்கும் ஒதுக்கிவிட்டு, பாக்கி 640 கிலோபைட்டைப் புரோகிராம்களுக்கு விட்டார்கள். அன்றைக்கு அது தாராளம். ஆனால் பத்து வருஷங்களுக்குள் நாலு மெகாபைட், எட்டு மெகாபைட் என்று யந்திரங்கள் கொழுத்துப் போன பிறகும், பழைய புரோகிராம்களைக் கைவிடக்கூடாது என்ற நிர்ப்பந்தத்தினால் டாஸ் என்ற அந்நாளைய அமைப்பு அந்த 640-க்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. மௌஸுக்கு ஒரு டிரைவர், சி.டி.க்கு ஒரு டிரைவர், டிஸ்கின் வேகத்துக்கு ஒரு துணைப் புரோகிராம் என்று ஒவ்வொன்றாக வந்து இடம் பிடித்துக்கொள்ள, கடைசியில் விளையாட வந்த பிள்ளைக்கு மெமரி போதவில்லை என்ற பதில்தான் கிடைக்கும்.

இதற்குப் பரிகாரம் கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற இரண்டு சாதாரண எழுத்துக் கோப்புகளில் இருந்தது. யந்திரம் கண் விழிக்கும்போது முதலில் படிப்பவை அவைதாம். யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தலாம். 1991-இல் வந்த டாஸ் 5-இலே, ஹைமெம்.சிஸ் என்பதை முதல் வரியில் வைத்து, அடுத்து டாஸை உயரே போகச் சொல்லும் ஒரு வரியையும் எழுதினால், டாஸின் பெரும்பகுதி ஒரு மெகாபைட் எல்லைக்கு அப்பாலுள்ள 64 கிலோபைட்டுக்குள் குடியேறிவிடும். ஈ.எம்.எம்.386 என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்த 384-க்குள் எவரும் தொடாமல் கிடக்கும் இடுக்குகளில் டிரைவர்களைத் திணிக்கலாம். எந்த டிரைவரை முன்னால் ஏற்றுவது, எதைப் பின்னால் ஏற்றுவது என்ற வரிசைக்கிரமத்தில்தான் சாமர்த்தியம் இருந்தது. சில டிரைவர்கள் ஏறும்போது நிறைய இடம் கேட்டு, ஏறிய பின் குறைத்துக்கொள்ளும் சுபாவமுடையவை. அவற்றை முதலில் ஏற்றியவன் பிழைத்தான். 1993-இல் டாஸ் 6 வந்தபோது, இந்த வரிசைகளைத் தானே மாற்றி மாற்றிச் சோதித்துப் பார்க்கும் மெம்மேக்கர் என்ற புரோகிராமையும் கூடவே கொடுத்தார்கள். கை தேர்ந்தவர்கள் அதை மதிக்கவில்லை. அதைக் காட்டிலும் சில கிலோபைட் அதிகமாக மிச்சம் பிடித்துக் காட்டுவதையே ஒரு கௌரவமாகக் கருதினார்கள்.

உறுப்புகளின் சங்கதி இதைவிட விநோதம். சவுண்ட் கார்டு ஒன்றை வாங்கிச் செருகினால், அது எந்த விலாசத்தில் இருக்கிறது, பிராஸஸரைக் கூப்பிடுவதற்கு எந்த இன்டரப்ட் எண்ணை உபயோகிக்கிறது என்பதை யந்திரம் தானாக அறியாது. கார்டின் மேலுள்ள சிறு ஜம்பர்களைப் பிடுங்கி வேறு ஊசிகளில் மாட்டி எண்ணை நிர்ணயித்து, பிறகு அதே எண்களை ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் 'ஏ220 ஐ5 டி1' என்பது போல ஒரு மந்திரமாக எழுதிவைக்க வேண்டும். ஏழாம் எண்ணைக் கொடுத்தால் பிரின்டர் அதற்கு உரிமை கொண்டாடும். ஐந்தாம் எண் பெரும்பாலும் காலியாக இருக்கும். இவற்றை மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடிய பையன்கள் இருந்தார்கள்.

விண்டோஸ் 3.1 இந்த ஏற்பாட்டின்மேல் போர்த்திய ஒரு சித்திரத் திரை. அதைப்பற்றி இங்கே விஸ்தரிக்க வேண்டியதில்லை, பின்னால் வரப்போகும் ஒரு விஷயத்தைத் தவிர. 1995 ஆகஸ்டு 24-ஆம் தேதி வெளிவந்த விண்டோஸ் 95-தான் நிலைமையை மாற்றியது. உறுப்புகள் தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொள்ளும் முறை அதிலே பிரதானமாயிற்று. ஜம்பர் வித்தை மெல்ல மெல்ல மறைந்தது. பலவேறு எழுத்துக் கோப்புகளில் கிடந்த குறிப்புகள் ரிஜிஸ்ட்ரி என்ற ஒரே களஞ்சியத்துக்குப் போயின. அதைச் சாதாரண எடிட்டரில் திறந்து படிக்க முடியாது. யந்திரத்துக்கு விஷயம் தெரியத் தெரிய, மனிதன் எழுதவேண்டிய பக்கங்கள் குறைந்துகொண்டே வந்தன.

ஆயினும், போடுகிற சடங்கு போகவில்லை. நம் ஊரில் அது பூரண வடிவம் பெற்றது விண்டோஸ் 98-இன் நாட்களில்தான். முதலில் பூட் ஃபிளாப்பியைச் செருகி யந்திரத்தை எழுப்ப வேண்டும். எஃப்டிஸ்க் என்று அடித்தால், பெரிய டிஸ்குகளுக்கு ஆதரவு வேண்டுமா என்று அது கேட்கும். வேண்டாம் என்று அவசரத்தில் சொன்னவர்கள் இரண்டு கிகாபைட்டுக்கு மேல் ஒரு பகுதியை அமைக்க முடியாமல் திகைத்தார்கள். பகுதி பிரித்து, யந்திரத்தை மறுபடி எழுப்பி, ஃபார்மட் அடித்து, நூறு சதவீதம் ஆகும்வரை காத்திருந்து, பிறகு சி.டி.க்குப் போகலாம் என்று டி-யைத் தட்டினால் அங்கே சி.டி. இருக்காது, ஏனெனில், அந்த ஃபிளாப்பி மெமரியிலேயே ஒரு கற்பனை டிஸ்கைச் சிருஷ்டித்து, டி என்ற எழுத்தை அதற்குக் கொடுத்துவிட்டு, சி.டி.யை ஈ-க்குத் தள்ளியிருக்கும். புதிதாகத் தொழிலுக்கு வந்தவரை இதிலே கண்டுகொள்ளலாம். அனுபவஸ்தரோ, சி.டி.யிலிருந்த கோப்புகளை முழுவதும் ஹார்ட் டிஸ்கிலே ஒரு மூலையில் நகல் செய்துகொண்டு அங்கிருந்தே நிறுவுவார். ஒரு மோடத்தைப் பொருத்தினாலும், ஒரு பிரின்டரைச் சேர்த்தாலும், இந்த அமைப்பு சி.டி.யைக் கொண்டுவா என்று கேட்கும் என்பது அவருக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்து திரை விடிந்தால், பதினாறே நிறங்களில் பெரிது பெரிதான சித்திரங்களோடு விடியும். டிஸ்ப்ளே டிரைவர், சவுண்ட் டிரைவர், மோடம் டிரைவர் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, டிவைஸ் மானேஜரில் மஞ்சள் கேள்விக்குறி ஒன்றுகூட இல்லாமல் துடைத்த பிறகுதான் வேலை பூர்த்தியாயிற்று என்று அர்த்தம்.

அதன்பின் அலங்காரம். சுவர்ச்சித்திரம், மௌஸ் அம்பு, ஓசைகள், ஐகான்கள் எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றும் தீம்களை முதலில் பிளஸ் என்ற தனிப் பொதியில் விலைக்கு விற்று, 98-இலே உடன் சேர்த்துக் கொடுத்தார்கள். அவற்றில் பல என் ரசனைக்குச் சகிக்க முடியாதவை. உண்மையான கலைஞர்கள் அவற்றோடு நிற்கவில்லை. யந்திரம் விழிக்கும்போது காட்டும் மேகச் சித்திரத்தை லோகோ.சிஸ் என்ற பெயரில் டிஸ்கின் முகப்பில் ஒரு கோப்பாக வைத்துவிட்டால் அதுவே தோன்றும் என்பதையும், அது 320-க்கு 400 புள்ளி அளவுள்ள சாதாரணப் படமே என்பதையும் எவரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அகலத்தைக் காட்டிலும் உயரம் மிகுந்த அந்தப் படம் திரையிலே பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியுமாதலால், வரையும்போது மெலிந்து நீண்ட முகமாக வரைந்தால்தான் காணும்போது சரியான முகமாக இருக்கும். 'இப்போது கம்ப்யூட்டரை அணைக்கலாம்' என்று ஆரஞ்சு எழுத்தில் விடை கொடுக்கும் திரையும் அப்படிப்பட்ட ஒரு படந்தான். இன்னும் துணிந்தவர்கள் எக்ஸ்ப்ளோரர் கோப்பையே ஹெக்ஸ் எடிட்டரில் அறுத்து, ஸ்டார்ட் என்ற பொத்தானில் தங்கள் பெயரை எழுதினார்கள். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துக்குமேல் அதில் இடமில்லை. ஆகையால் குமார்கள் பாக்கியசாலிகளானார்கள், வெங்கடசுப்பிரமணியன்களுக்கு அந்தப் பிராப்தம் இல்லை.

தமிழர்களுக்கு மட்டும் இந்தக் கலை வெறும் அலங்காரமாக நிற்க முடியவில்லை. 98 வரையிலான அமைப்புகளுக்குத் தமிழ் என்று ஒரு பாஷை உண்டென்பதே தெரியாது. ஆனால் 1992-இல் விண்டோஸ் 3.1-உடன் வந்த ட்ரூடைப் என்னும் எழுத்துரு முறை, நான் முன்பு ஒதுக்கி வைத்த விஷயம் இதுதான், ஓர் எண்ணுக்கு எதிரே எந்த வடிவத்தை வேண்டுமானாலும் வரைந்துவைக்க அனுமதித்தது. ஆங்கில எழுத்தின் ஸ்தானத்திலே தமிழெழுத்தை அமர்த்திவிட்டால் யந்திரம் அறியப்போவதில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலையும், ஸ்விட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவையும் ஆக்கித் தந்தார்கள். ஈழத்தமிழரிடையே பாமினி பிரபல்யமாயிற்று. பாமினியில் அம்மா என்று எழுதியதை யந்திரம், எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்றே மனத்தில் வைத்திருந்தது. படிக்கிறவரிடம் அதே எழுத்துரு இருந்தால் அம்மா. இல்லாவிட்டால் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஸ்தானத்தில் எழுத்தை அமர்த்தியபடியால், ஒருவர் தமிழ் இன்னொருவருக்குத் தமிழாக இராத விபரீதம் உண்டாயிற்று. ஊரிலுள்ள பிரவுசிங் சென்டர்களின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால், பத்திரிகைக்கொன்றாகச் சேர்ந்த எழுத்துருக்கள் மண்டிக் கிடக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி, ஆங்கிலமும் கலந்து எழுதுவதற்கு டாப் என்றும், தமிழ் மட்டும் எழுதுவதற்கு டாம் என்றும் இரண்டு குறியீட்டு முறைகளையும், தமிழ் 99 என்ற விசைப்பலகையையும் தமிழ்நாட்டு அரசாங்கம் அங்கீகரித்தது. விசைப்பலகை நிலைத்தது. குறியீடுகள் நிலைக்கவில்லை, உலகத்து எழுத்துக்களுக்கெல்லாம் தனித்தனி எண் வகுத்த யூனிகோடு அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டது.

யூனிகோடில் கொம்பு, எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. திரையில் முன்னால் வரவேண்டும். அப்படி இடம் மாற்றிக் காட்டுவதற்கு யந்திரத்துக்குத் தமிழ் இலக்கணம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸ் குடும்பத்தில் அதை முதலில் கற்றுக்கொண்டது 2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000. லதா என்ற எழுத்துருவும் அதனோடு வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் வெளியான எக்ஸ்.பி.யும் அதைக் கற்றேதான் வந்தது என்றாலும், கற்ற வித்தையை உறங்கவைத்திருந்தது. கன்ட்ரோல் பானலில் பிராந்திய மொழி அமைப்புகளுக்குள் நுழைந்து, சிக்கலான எழுத்துமுறைகளுக்குரிய கோப்புகளை நிறுவுக என்ற கட்டத்தில் ஒரு குறி இட வேண்டும். பத்து மெகாபைட் இடம் வேண்டும் என்று எச்சரித்துவிட்டு அது சி.டி.யைக் கேட்கும். சி.டி. எங்கே? ஓ.எஸ். போட வந்தவர் கையோடு கொண்டுவந்தது, கையோடு போய்விட்டது. இவ்வளவு அற்பமான ஒரு காரணத்தினால் அநேகம் வீடுகளில் கொம்புகள் எழுத்துக்குப் பின்னே போய்த் தனியே நின்றுகொண்டிருந்தன, அல்லது பக்கம் முழுவதும் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது.

இதே எக்ஸ்.பி.தான் மற்ற கதவுகளை அடைத்தது. நிறுவியவுடன் கம்பெனியிடம் ஒப்புதல் பெறவேண்டும் என்றும், உறுப்புகளை அதிகமாக மாற்றினால் மறுபடியும் பெறவேண்டும் என்றும் விதித்தபோது, சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்கவேண்டிய குடித்தன நிலைமைக்குப் பயனாளர் வந்து சேர்ந்தார். முக்கியமான கோப்புகளைத் திருத்தினால் அமைப்பு தானே பழையதை மீட்டு வைத்தது. லோகோ.சிஸ் செல்லுபடியாகவில்லை. 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த விஸ்டாவில் தமிழ் கேட்காமலேயே விழித்திருந்தது. ஆகவே, நம்மவர்கள் அமைப்புக்குள் கை வைத்தே ஆகவேண்டும் என்றிருந்த கடைசி அவசியமும் தீர்ந்தது.

அச்சுக்கூடங்களில் மாத்திரம் தீரவில்லை. அங்கே பக்கம் அமைக்க உதவிய பேஜ்மேக்கர் என்ற புரோகிராமின் கடைசிப் பதிப்பாகிய ஏழு, யூனிகோடு அறியாதது. பல ஆண்டுகளாகப் பழகிய கையும், அதற்கென்றே வாங்கிய எழுத்துருக்களும், சேர்த்துவைத்த புத்தகங்களும் அதிலேயே இருந்தபடியால், எக்ஸ்.பி. போட்ட பழைய யந்திரங்களை அச்சுக்கூடத்தார் பேணிக் காத்தார்கள். அங்கே அச்சான புத்தகங்களைப் பிற்பாடு யூனிகோடுக்கு மாற்றும்போதுதான் ஒரு தொல்லை வெளிப்பட்டது. ஔகாரத்தின் பின்பாதியும் ளகரமும் பழைய எழுத்துருக்களில் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொண்டவை. மாற்றித் தரும் புரோகிராமுக்கு எது எதுவென்று தெரியாது. ஆகவே பௌர்ணமியும் கௌரவமும், ஒற்றைக் கொம்பும் ளகரமும் கொண்ட சொற்களாக ஆயிரக்கணக்கான பக்கங்களில் பதிந்து கிடக்கின்றன. படிக்கிறவர் கண்ணுக்கு வித்தியாசம் அகப்படாது. சொல்லைக் கொடுத்துத் தேடினால் மட்டும், அந்தப் பக்கம் அகப்படாது.