விஸ்பர் டவுன் த லேன் (நாவல்)

அமெரிக்க எழுத்தாளர் கிளே மெக்லாயிட் சாப்மன் எழுதி, 2021இல் வெளியான உளவியல் திகில் நாவல். 1980களின் வர்ஜீனியாவில், சாத்தான் வழிபாடு குறித்த பீதியில் பதறும் தாய்க்காக ஐந்து வயது ஷான் சொல்லும் பொய் ஓர் ஆசிரியரின் வாழ்வையே குலைக்கிறது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், ஓவிய ஆசிரியர் ரிச்சர்டின் பள்ளி வளாகத்தில் கொல்லப்பட்ட முயல் ஒன்று கிடக்கிறது. அதனடியில் அவருக்கொரு பிறந்தநாள் வாழ்த்து அட்டை.

இங்கு சாத்தானைவிட அதிகம் அச்சுறுத்துபவை பெரியவர்களின் கேள்விகளே.

கதையின் வேர், கலிபோர்னியாவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு. 1983இல் எழுந்த ஒரு புகாரையடுத்து, நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் பதிலைத் தூண்டும் விதமாகவே விசாரித்தார்கள். ரகசியச் சுரங்கங்கள், பறக்கும் சூனியக்காரிகள் எனக் குற்றச்சாட்டுகள் பெருகின. 1990இல் வழக்கு முடிந்தபோது ஒருவர்மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. அதற்குள் குற்றம்சாட்டப்பட்டவர்களில் ஒருவர் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளைச் சிறையில் கழித்திருந்தார்.