குருத்தும் எலும்பும்: சுறாக்களின் முற்காலம்

சுறாமீனை ஆய்ந்து பழகிய கைகளுக்கு ஒரு செய்தி நன்றாகத் தெரியும். மற்ற மீன்களைப்போல் விரலைக் குத்தும் முள் அதில் இல்லை. மஞ்சளிட்டு வேகவைத்துத் தோலை உரித்துவிட்டால் சதை உதிரியாகப் பிரிந்து வரும். நடுத்தண்டையும் கத்தியால் எளிதில் நறுக்கிவிடலாம். பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அச்சமின்றிச் சுறாப்புட்டு பரிமாறப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சுறாவின் உடலைத் தாங்கி நிற்பது எலும்பன்று, குருத்தெலும்பு. சுறா, திருக்கை, பெரும்பாலும் ஆழ்கடலில் உலவும் கைமீரா ஆகிய மூன்றையும் குருத்தெலும்பு மீன்கள் என ஒரே வகுப்பில் வைப்பது இதனால்தான்.

குருத்தெலும்பு என்ற சொல்லைச் சற்று உற்று நோக்குவோம். குருத்து என்பது இளமையின் பெயர். வாழைக்குருத்து இலையாக விரிவதுபோலக் குருத்தெலும்பும் நாளடைவில் எலும்பாக முதிரும் என்ற எண்ணம் அச்சொல்லுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. கருவில் வளரும் குழந்தையைப் பொறுத்தவரை இது மெய்யும்கூட. நம் கைகால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாக உருக்கொண்டு, பின்னரே எலும்பாகின்றன. ஆனால் இதே வரிசையை உயிர்களின் நெடிய வரலாற்றுக்கும் பொருத்தலாமா? பொருத்தினார்கள். குருத்தெலும்பு முந்தியது, எலும்பு பிந்தியது, எனவே தாடையுள்ள முதுகெலும்பிகள் அனைத்துக்கும் சுறா போன்றதொரு மீனே மூதாதை என்று 19ஆம் நூற்றாண்டின் பெரும் அறிஞர்கள் கருதினர். பாடநூல்களில் நெடுங்காலம் குடியிருந்த அந்தக் கருத்து, கல்லுக்குள் கிடந்த மீன்களால் எப்படிக் கவிழ்ந்தது என்பதையே இங்கு நாம் பார்க்கவிருக்கிறோம்.

புதைபடிவங்களை நம்பி வரலாறு எழுதுவோருக்குக் குருத்தெலும்பு பெரிய இடையூறு. உயிர் நீங்கியதும் அது விரைவில் சிதைந்து போகும். பற்கள் அப்படியல்ல. சுறாவுக்கு வாழ்நாள் முழுவதும் பல் முளைத்துக்கொண்டே இருக்கும். முன்வரிசைப் பல் விழ விழ, பின்வரிசை முன்னேறி வந்து அவ்விடத்தை நிரப்பும். ஒரு சுறா தன் ஆயுளில் உதிர்க்கும் பற்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். எனவே உடல் எஞ்சாத இடங்களிலும் பல் எஞ்சியது. துண்டுக் கல்வெட்டுகளோடு மல்லுக்கட்டிய நண்பர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். மன்னனின் பட்டப்பெயர் மட்டும் இருக்கும். அவன் பெயரும் ஆட்சியாண்டும் உடைந்து போயிருக்கும்!

பழங்காலத்தில் அந்தப் பற்களைப் பல்லென்று அறிந்தவர்களும் மிகச் சிலரே. ஐரோப்பாவில் அவற்றுக்கு நாக்குக்கல் என்று பெயர். சந்திர கிரகணத்தின்போது வானிலிருந்து விழுபவை என்ற நம்பிக்கையை ரோமானியரான பிளினி பதிவு செய்திருக்கிறார். மால்டா தீவில் இவை புனித பவுலோடு தொடர்புபடுத்தப்பட்டன. அத்தீவில் அவரைத் தீண்டிய பாம்பின் கதையை ஒட்டி, நஞ்சை முறிக்கும் கல் என இவை விற்கப்பட்டன. இத்தாலியரான ஃபாபியோ கொலோன்னா 1616இலேயே இவை சுறாப்பற்கள் என்று வாதிட்டுவிட்டார். ஆயினும் வழக்கைத் தீர்த்துவைத்தவராக நினைக்கப்படுபவர் டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்டெனோ.

1666 அக்டோபரில் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தருகே மீனவர்கள் ஒரு பெருஞ்சுறாவைப் பிடித்தனர். டஸ்கனியின் ஆட்சியாளர் இரண்டாம் ஃபெர்டினாண்டோ அதன் தலையை ஃபிளாரன்ஸுக்கு வரவழைத்து, அங்கிருந்த உடற்கூறு வல்லுநர் ஸ்டெனோவிடம் ஒப்படைத்தார். அறுத்துப் பார்த்த ஸ்டெனோ மறு ஆண்டே தம் ஆய்வை வெளியிட்டார். அவருடைய தருக்கம் எளிமையானது. பாறைக்குள் ஒரு பொருள் வளருமானால், இறுகிய மண்ணில் வளரும் வேரைப்போல் அது கோணித் திருகியிருக்க வேண்டும். நாக்குக்கற்களோ எங்கே தோண்டினாலும் அதே செம்மையான வடிவில் கிடைக்கின்றன. எனவே அவை அங்கே முளைத்தவை அல்ல, வண்டல் மென்மையாக இருந்தபோது அதில் புதைந்தவை. இந்தச் சிறு கேள்வியிலிருந்து கிளம்பி, 1669இல் பாறையடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காலவரிசையில் படிகின்றன என்ற கொள்கைக்கு அவர் வந்து சேர்ந்தார். நிலவியல் என்ற துறையின் அடிக்கற்களுள் ஒன்று, ஒரு சுறாவின் வாயிலிருந்து எடுக்கப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

அதன்பின் பற்கள் குவிந்தன. சுவிட்சர்லாந்தின் லூயி அகாசி 1833 முதல் 1843 வரை வெளியிட்ட புதைபடிவ மீன்களைப் பற்றிய பெருநூலில், பல்லையும் முள்ளையும் மட்டுமே கொண்டு ஏராளமான சுறா இனங்களுக்குப் பெயர் சூட்டினார். நம் பக்கத்துக் கற்களும் அக்காலத்தில் லண்டன் போய்ச் சேர்ந்தன. கே, கன்லிஃப் என்னும் இருவர் புதுச்சேரியை அடுத்த பாறைகளிலிருந்து திரட்டிய மீன் எச்சங்களை ஃபிலிப் எகர்டன் 1845இல் விவரித்தார். அவற்றில் பெரும்பங்கு சுறாப்பற்களே. அவை கிரெட்டேசியஸ் காலத்தவை. குருத்தெலும்பு மீன்களின் வரலாற்றில் அது மிகவும் பிந்திய அத்தியாயம். தொடக்கத்தைத் தேடி நாம் இன்னும் பல கோடி ஆண்டுகள் கீழே இறங்க வேண்டும்.

டார்வினுக்குப் பிறகு, பெயர் சூட்டுவதோடு நில்லாமல் மரபுவழியைத் தேடும் வேலை தொடங்கியது. ஜெர்மனியில் கார்ல் கெகன்பௌர் சுறாவின் தலையெலும்புக்கூட்டை 1872இல் விரிவாக ஆராய்ந்து, முதுகெலும்பிகளின் தலைக்கு அதையே மூலப்படிவமாகக் கொண்டார். ஹெக்கல் தம் பரிணாம மரத்தில் சுறாக்களை ஆதிமீன்கள் என்றே அமர்த்தினார். இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் பால்ஃபர் சுறாக் கருக்களின் வளர்ச்சியைப் பற்றி 1878இல் ஒரு தனிநூலே எழுதினார். அவர் ஆல்ப்ஸ் மலையேற்றத்தில் உயிரிழந்தபோது வயது முப்பது மட்டுமே. மீன்களின் இணைத் துடுப்புகள் உடலின் இரு பக்கமும் ஓடிய ஒரு நீண்ட தோல்மடிப்பிலிருந்து பிறந்தவை என்பது அவர் கருத்து. இதைக் கெகன்பௌர் ஏற்கவில்லை. அவருக்குத் துடுப்பு என்பது இடம்பெயர்ந்த செவுள் வளைவு. வழக்கு இருந்தது, சாட்சி இல்லை.

சாட்சி அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலிருந்து வந்தது. கிளீவ்லாந்தை ஒட்டிய கருங்களிப்பாறைகளில், ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட முழுச் சுறா உருவங்கள் கிடைத்தன. நியூபெரி 1889இல் அவற்றை விவரித்தார். 1894இல் பாஷ்ஃபோர்ட் டீன் சூட்டிய கிளாடோசெலாக்கி என்ற பெயர் நிலைத்தது. பல்லை மட்டுமே பார்த்துப் பழகிய கண்களுக்கு அது என்ன விருந்தாக இருந்திருக்கும்! தசைநார்களின் வரிகள், சிறுநீரகத்தின் சுவடு, வயிற்றுக்குள் விழுங்கப்பட்ட இரை என அத்தனையும் அந்தக் கல்லில் இருந்தன. இரைமீன்கள் பல வால் முதலாக உள்ளே சென்றிருந்ததைக் கொண்டு, துரத்திப் பிடித்து விழுங்கும் வேகக்காரன் இது என்றும் பின்னர் அறிந்தனர். துடுப்புகளோ அகன்ற அடியோடு உடலில் ஒட்டியிருந்தன, பால்ஃபர் எதிர்பார்த்தது போலவே. ஆதிச்சுறா கிடைத்துவிட்டது என்று பாடநூல்கள் எழுதிக்கொண்டன.

ஆனால் வேறு பாறைகள் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தன. கொலராடோவின் ஹார்டிங் மணற்கல்லில் மீன்களின் கவசத் துண்டுகள் இருப்பதை 1892இல் சார்ல்ஸ் வால்காட் அறிவித்தார். அவை ஆர்டோவிசியன் காலத்தவை; அதாவது கிளாடோசெலாக்கிக்கு ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் மூத்தவை. பின்னர் ஸ்வீடனின் ஸ்டென்சியோ, ஸ்பிட்ஸ்பெர்கன் தீவிலிருந்து வந்த தாடையற்ற மீன்களின் தலைகளை அடுக்கடுக்காகத் தேய்த்து உள்ளமைப்பை வரைந்து, 1927இல் வெளியிட்டார். அந்த மிகப் பழைய மீன்களின் உடலில் எலும்பு தாராளமாக இருந்தது. பழையது எலும்பு, அதற்குப் பிந்தியே சுறா வருகிறது என்றால், எது குருத்து, எது முதிர்ச்சி?

இதற்கு அமெரிக்கரான ஆல்ஃபிரெட் ரோமர் 1942இல் ஒரு கட்டுரையில் விடை சொன்னார். குருத்தெலும்பு என்பது கருவின் தேவைக்கான ஏற்பாடு என்றார் அவர். எலும்பு தன் புறப்பரப்பில் மட்டுமே கூடி வளரும். மூட்டுகளோடும் தசைகளோடும் விரைந்து பெருக வேண்டிய கருவுக்கு, உள்ளிருந்தே விரியும் குருத்தெலும்புதான் ஏற்றது. சுறா அந்தக் கருநிலைப் பொருளை முதிர்ந்த பின்னும் வைத்துக்கொண்டது. எலும்பைப் பெறாத மீன் அன்று அது, எலும்பை இழந்த மீன். எம் பார்வையில் இந்த வரலாற்றின் மிகத் துணிச்சலான கருத்து இதுவே. கருவில் முந்துவது காலத்திலும் முந்தியதாக இருக்க வேண்டும் என்ற ஹெக்கல் வழிச் சிந்தனையை அது வேரோடு பிடித்து ஆட்டியது.

ஆயினும் ஒரு மறுப்பு எஞ்சி நின்றது, அது நியாயமானதும்கூட. பழைய மீன்களின் எலும்பு பெரும்பாலும் தோலில் தோன்றிய கவசம். குருத்தெலும்பின் உட்புறமே எலும்பாக மாறும் வகை, எலும்பு மீன்களிலும் அவற்றின் வழிவந்த நம்மிலும் மட்டும்தானே காணப்படுகிறது? அப்படியானால் உள்ளெலும்பைப் பொறுத்தவரையேனும் சுறா பழைய நிலையில் நிற்கிறது என்று சொல்லலாமல்லவா? இந்தக் கேள்விக்கு நெடுநாள் பதிலில்லை.

இதற்கிடையில் அகாந்தோடியன் என்னும் மீன்களின் வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. துடுப்புகளின் முன்னால் வலிய முள் கொண்ட சிறு மீன்கள் அவை. பொதுவழக்கில் முட்சுறா என்று சொல்லிவந்தாலும், 1970களிலிருந்து எலும்பு மீன்களின் உறவென்றே அவற்றைப் பலர் கருதினர். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தில் டோலியோடஸ் என்ற மீனின் பற்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்திருந்தன. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையுள்ள அதன் முன்னுடல் முழுமையாகக் கிடைத்தது 1997இல். மில்லர், க்ளூட்டியே, டர்னர் மூவரும் 2003இல் அதை அறிவித்தனர். சுறாவுக்குரிய பல்வரிசையும் குருத்தெலும்பும் அதில் இருந்தன. கூடவே மார்புத் துடுப்புகளின் முன்னால் இரண்டு பெருமுட்கள், அகாந்தோடியனுக்கு இருப்பது போலவே! தனித்தனியாகக் கிடைத்திருந்தால் பல்லைச் சுறாவுக்கும் முள்ளை இன்னொரு மீனுக்கும் எழுதி வைத்திருப்பார்கள். அடுத்த பத்தாண்டுகளில் வந்த ஆய்வுகள் அகாந்தோடியன்களைச் சுறாக்களின் முன்னோர் வரிசைக்குள்ளேயே கொண்டுவந்து சேர்த்தன.

பிறகு சீனம். யுன்னான் மாநிலத்திலிருந்து 2013இல் அறிவிக்கப்பட்ட எண்டெலோக்னேதஸ் 42 கோடி ஆண்டுப் பழமையான கவசமீன். ஆனால் அதன் தாடையில் எலும்பு மீன்களுக்கும் நமக்கும் உரிய எலும்புத் தகடுகள். 2022இல் சோங்சிங் பகுதியிலிருந்து வந்த ஷெனாகாந்தஸ் இன்னும் வியப்பானது. விரல் நீளமும் இல்லாத அந்த மீன் குருத்தெலும்பு மீன்களின் கிளையைச் சேர்ந்தது. வயது 43 கோடியே 60 லட்சம் ஆண்டுகள். அதன் தோள்புறத்தைச் சுற்றிக் கவசமீன்களுக்குரிய பெருந்தகடுகள்! சுறாக்களின் குலத்தார் ஒருகாலத்தில் கவசம் பூண்டிருந்தனர், பின்னர் களைந்தனர்.

உள்ளெலும்பு பற்றிய அந்த மறுப்புக்கும் பதில் கிட்டியது. மேற்கு மங்கோலியாவில் எடுக்கப்பட்ட மின்ஜினியா என்ற 41 கோடி ஆண்டுக் கவசமீனின் மண்டையை மார்ட்டின் பிரேசோ குழுவினர் ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்து 2020இல் வெளியிட்டனர். சுறாக்களும் எலும்பு மீன்களும் பிரிவதற்கு முந்தைய கிளையைச் சேர்ந்த அந்த மீனின் மண்டைக்குள், அந்த உள்ளெலும்பேதான் இருந்தது. ஒரே ஒரு மண்டையை வைத்து வழக்கை முடித்துவிட முடியாது. அவ்வகை எலும்பு இருமுறை தனித்தனியே தோன்றியிருக்கலாம் என்று வாதிட இடமுண்டு. ஆனால் சுமை இப்போது கட்சி மாறிவிட்டது. சுறா எலும்பை இழக்கவில்லை என்பவர்தாம் இனி மெய்ப்பிக்க வேண்டும்.

இழப்பு என்று சொல்வதிலும் எமக்குச் சிறு தயக்கம் உண்டு. சுறாவின் குருத்தெலும்பு நம் காதுமடல் போன்றதன்று. சுண்ணக உப்பாலான நுண்ணிய ஓடுகள் அதன் மேற்பரப்பில் தளம் பாவியதுபோல் பதிந்து உறுதி சேர்க்கின்றன. காற்றுப்பை இல்லாமல் நீந்தும் உடலுக்கு எடை குறைந்த கட்டுமானம் அது. அதை முதிராத குருத்து என்பது பொருந்தவே பொருந்தாது.

சுறா பல கோடி ஆண்டுகளாக மாறாமலே இருக்கிறது என்பதும் இதே பழைய எண்ணத்தின் இன்னொரு முகம்தான். ரஷ்யரான கார்ப்பின்ஸ்கி 1899இல் விவரித்த ஹெலிகோப்ரியானை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பற்கள் சுருள்வாளாக இருந்தன. அச்சுருளை மூக்கின்மேலும் முதுகிலும் வாலிலும் பொருத்திப் பார்த்து ஓய்ந்தார்கள். 2013இல்தான் அது கீழ்த்தாடைக்குள் இருந்தது என்பதும், அந்த மீன் கைமீராவின் சுற்றத்தைச் சேர்ந்தது என்பதும் ஊடுகதிர்ப் படத்தால் உறுதியாயின.

ஆதிச்சுறா கிளாடோசெலாக்கி என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கக்கூடும். தென்னாப்பிரிக்காவின் கரூ பகுதியில் ராய் ஊஸ்ட்ஹைசன் என்ற பண்ணையாளர் 1980களில் ஓர் உருண்டைக் கல்லைக் கண்டெடுத்தார். உள்ளே 28 கோடி ஆண்டுப் பழைய டுவைக்காசெலாக்கஸின் மண்டை. புறத்தோற்றம் சுறாவினுடையது, ஆனால் 2017இல் வெளியான ஊடுகதிர் ஆய்வில் மூளை இருந்த அறையும் உட்காதின் அமைப்பும் கைமீராவினுடையவை என்று தெரிந்தது. கிளாடோசெலாக்கி இதன் உறவினர் என்பதால், அதையும் கைமீராவின் பக்கத்துக்கு அந்த ஆய்வு நகர்த்தியது. நூறாண்டுக்கு மேலாக முதற்சுறா என்று முடிசூட்டி வைத்திருந்த மீன், சுறாவே இல்லையாம்!

வால்காட் கவசத் துண்டுகளைக் கண்ட அதே ஹார்டிங் மணற்கல்லிலிருந்து, சுறாச் செதிலை ஒத்த நுண்செதில்கள் சில 1996இல் வெளிவந்தன. வயது 45 கோடி ஆண்டுகள். அவற்றோடு பல்லில்லை, தாடையில்லை, உடலுமில்லை. அவை குருத்தெலும்பு மீனுடையவைதாமா என்று இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.