சொல் பிறந்த கதையும் கதையில் பிறந்த சொல்லும்

எல்லாச் சொற்களுக்கும் பொருள் உண்டு என்று கூறிய தொல்காப்பியர், அப்பொருளுக்குரிய காரணம் பார்த்த அளவில் விளங்கித் தோன்றாது என்றும் உரியியலில் எச்சரித்துச் சென்றார். ஆயின், காரணம் விளங்காத இடத்தில் வாளாவிருத்தல் மக்கள் இயல்பன்று. அங்கே ஒரு கதையைப் படைத்துக்கொள்வர். இவ்வாறு எழும் விளக்கத்திற்குச் செருமானிய அறிஞர் ஃபர்ஸ்டமன் 1852இல் ‘மக்கள் சொற்பிறப்பு’ எனப் பொருள்படும் பெயரிட்டு, அதனை ஆராய்ச்சிக்கு உரியதாக்கினார். நம் அடுக்களையிலும் தெருவிலும் இத்தகைய கதைகள் மலிந்துள்ளன.

தோசையை எடுத்துக்கொள்வோம். மாவை வார்க்கும்போது கல் ஒருமுறை ‘சை’ என்கிறது. திருப்பிப் போடும்போது மறுமுறையும் ‘சை’ என்கிறது. இந்தியில் ‘தோ’ என்றால் இரண்டு. ஆகவே, இரண்டு ‘சை’ சேர்ந்து ‘தோசை’ ஆயிற்றாம்! எண்ணை வடக்கிலிருந்தும் ஓசையைத் தோசைக்கல்லிலிருந்தும் கடன் வாங்கிப் பெயரிட்ட அந்தப் பெருமாட்டி யார் என்பதை மட்டும் கதை கூறுவதில்லை. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றியதாக வழங்கும் 12ஆம் நூற்றாண்டு நூலாகிய மானசோல்லாசத்தில் ‘தோசக’ என்னும் பண்டம் பேசப்படுகிறது. கன்னடத்தார் ‘தோசெ’ என்பர். மலையாளத்தார் ‘தோச’ என்பர். தென்னகம் நெடுங்காலமாகப் பங்கிட்டு உண்ட சொல் இது.

சாம்பாருக்கோ அரச பரம்பரையே வாய்த்திருக்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர் சகசியின் அரண்மனைக்குச் சிவாஜியின் மைந்தர் சம்பாஜி விருந்தினராக வந்தாராம். பருப்புக் குழம்பில் இடும் கோகம் புளி தீர்ந்துபோகவே, நம் நாட்டுப் புளியைக் கரைத்து ஊற்றினராம். விருந்தினர் பெயரோடு ‘ஆகாரம்’ சேர்ந்து ‘சாம்பார்’ ஆயிற்றாம். அவ்வாறாயின், இடையில் இருந்த ‘ஜி’யை எந்தக் காகம் கொத்திச் சென்றது? அவ்விருவரும் ஒரே காலத்தில் அரசாண்டது 1684 முதல் 1689 வரையே. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 1530ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்றில், அமுதுபடிப் பொருள்களினிடையே ‘சம்பாரம்’ இடம்பெற்றுள்ளது. கறிக்குக் கூட்டும் மசாலைப் பொருள்களே சம்பாரம். மலையாள நாட்டில் இஞ்சியும் மிளகாயும் கறிவேப்பிலையும் கூட்டிய மோருக்கு இன்றும் அதுவே பெயர். இக்குழம்பு எந்த அடுப்பில் முதலில் கொதித்தது என்பது வேறு வினா. பெயர் சம்பாஜிக்கு முற்பட்டது.

சில வேளைகளில் தவறான விளக்கம் சொல்லையே மாற்றிவிடும். சென்னையில் ஹாமில்டன் என்னும் ஆங்கிலேயர் பெயரால் வழங்கிய பாலம், மக்கள் நாவில் ‘அம்பட்டன் வாராவதி’ ஆயிற்று. அதனைக் கேட்ட ஆங்கிலேயர், முடிதிருத்துவோரின் பாலம் எனக் கருதி ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டனர்! ஹாப்சன்-ஜாப்சன் அகராதியின் 1903ஆம் ஆண்டுப் பதிப்பு இவ்வேடிக்கையைப் பதிந்துள்ளது. தம் இனத்தார் ஒருவரின் பெயரையே அடையாளம் காணாமல் மொழிபெயர்த்த அப்பாலம், இன்று அம்பேத்கர் பாலம் என வழங்குகிறது.

இக்கதைகளைச் சொல்லிச் சிரிப்பதில் குற்றமில்லை. வரலாறாக ஏற்பதில்தான் இழப்பு உண்டு. மடைப்பள்ளியிலும் இல்லத்து அம்மியிலும் தலைமுறை தலைமுறையாகச் சம்பாரம் அரைத்த கைகளுக்குப் பெயரில்லை. ஒருநாள் விருந்துக்கு வந்ததாகக் கூறப்படும் இளவலுக்கோ பெயர் உண்டு. ஆகவே கதை அவர் பக்கம் சாய்கிறது. பெயரற்றோர் ஈட்டியதைப் பெயருடையோர் கணக்கில் எழுதும் இவ்வழக்கம் சொல்லாராய்ச்சியோடு நிற்பதன்று.

எனவே, ஒரு சொல்லின் கதையைக் கேட்கும்போது நான்கு வினாக்களை எழுப்புதல் நன்று. காலம் பொருந்துகிறதா? இடம் பொருந்துகிறதா? ஒலிமாற்றத்திற்கு வேறு சான்று உண்டா? இனமொழிகள் என்ன கூறுகின்றன? இந்நான்கிற்கும் விடை தரும் கதை வரலாறாகலாம். விடை தராத கதையை விருந்தில் பரிமாறலாம். பாடநூலில் பரிமாறுதல் ஆகாது.