ரப்பர் விலையும் வணிகப் போட்டியும்



ஊரில் ஒரே கடை இருந்தால் அந்தக் கடைக்காரர் சொல்வதுதான் விலை. நான்கு கடைகள் இருந்தால் எது மலிவு, எது தரம் என்று பார்த்து வாங்கலாம். ஆனால் அந்த நால்வரும் கூடிப் பேசி ஒரே விலையை வைத்துவிட்டால்? கடைகள் நான்கு இருந்தும் நமக்குப் பயனில்லை. இதைத் தடுக்க நம் நாட்டில் சட்டம் உண்டு. அது ஏன் தேவை என்பதை நமக்குப் பழக்கமான ரப்பரின் வரலாற்றிலிருந்தே அறியலாம்.

1922-ஆம் ஆண்டு இலண்டனில் ஓர் இராத்தல் ரப்பரின் விலை ஒரு ஷில்லிங்குக்கும் கீழே இறங்கியது. உலக ரப்பரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மலாயாவிலும் இலங்கையிலும் விளைந்த காலம் அது. அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டிஷ் ஆட்சி ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு தோட்டத்திற்கும் ஓர் உற்பத்தி அளவு வகுக்கப்பட்டது. தொடக்கத்தில் அதில் 60 விழுக்காட்டை மட்டுமே குறைந்த வரியில் ஏற்றுமதி செய்யலாம். அதற்கு மேல் அனுப்பினால் கடும் வரி.

சரக்கு குறைந்தது, விலை ஏறியது. 1925-இல் அது 4 ஷில்லிங்கைத் தாண்டியது. கம்பெனிகள் மகிழ்ந்தன. ஆனால் வாங்குகிறவர்கள் கைகட்டி நிற்கவில்லை. அமெரிக்கர்கள் பழைய டயர் ரப்பரைப் பக்குவப்படுத்தி மீண்டும் பயன்படுத்தினார்கள். 1926-இல் ஃபயர்ஸ்டோன் கம்பெனி லைபீரியாவில் நிலம் குத்தகைக்கு எடுத்தது. திட்டத்தில் சேராத டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில், அதாவது இன்றைய இந்தோனேசியாவில், சிறு குடியானவர்கள் ரப்பர் கன்றுகளை நட்டுக் குவித்தார்கள். 1927-இல் மலாயா, இலங்கையின் பங்கு ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கியது. 1928 நவம்பர் 1-ஆம் நாள் திட்டம் கைவிடப்பட்டது.

அடுத்த ஆண்டே உலகப் பொருளாதார மந்தம் வந்தது. அதுவே பெருங்காரணம்; ஆனாலும் புதிதாகப் பயிரான ரப்பரும் விலையை மேலும் அழுத்தியது. 1932-இல் ஓர் இராத்தல் 3 பென்ஸுக்கும் கீழே போயிற்று. கூலி குறைந்தது. 1930 முதல் 1932 வரை ஒரு லட்சத்துக்கும் அதிகமான தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். திட்டம் வகுத்தபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. துன்பத்தில் மட்டும் பங்கு கிடைத்தது.

அது அரசின் ஏற்பாடு. இன்று வணிகர்கள் தாமே கூடி இப்படிச் செய்வதை 2010-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடுக்கிறது. 2012 ஜனவரி 1 முதல் அது நடப்பில் உள்ளது. பேசிவைத்து விலை நிர்ணயிப்பது, உற்பத்தியைக் குறைப்பது, சந்தையைப் பங்கு போடுவது யாவும் குற்றம். 2014-ஆம் ஆண்டுப் பிறப்பிலிருந்து விலையை ஏற்றுவதென்று கூடி முடிவெடுத்த ஐஸ் உற்பத்தியாளர்களுக்குப் போட்டி ஆணையம் அபராதம் விதித்தது.

செலவு கூடியதால் ஒரு கடைக்காரர் தாமாக விலையை உயர்த்தினால் அது குற்றமன்று. பலர் சேர்ந்து பேசி உயர்த்துவதே குற்றம். இந்த வேற்றுமையை அறிந்து வைத்திருங்கள். ஒரு சங்கம், "நாளை முதல் எல்லாரும் இவ்வளவு உயர்த்துகிறோம்" என்று அறிவித்தால், அந்த அறிவிப்பைப் பத்திரப்படுத்தி ஆணையத்திடம் முறையிடுங்கள். மாதக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு ஒவ்வொரு காசும் பெரிது.