விருந்தும் வேவும்: பிளாக்ஜாக் மேசையின் வரலாறு

அமெரிக்கக் கேசினோக்களில் ஆட்டக்காரருக்கு அறை, உணவு, மது முதலியவற்றை இலவசமாக அளிக்கும் வழக்கத்திற்குக் ‘காம்ப்’ என்று பெயர். ஆட்டக்காரர் உண்மையில் எவ்வளவு தோற்றார் என்பதைவிட, எவ்வளவு தோற்பார் என்று கேசினோ கணிப்பதே அதன் அளவுகோல். சராசரிப் பந்தயம், மணிக்கு ஆடும் ஆட்டங்கள், ஆடிய நேரம், நிறுவனத்தின் சாதக விழுக்காடு ஆகிய நான்கையும் பெருக்கி, வரும் தொகையில் ஒரு பங்கு விருந்தாகத் திரும்புகிறது.

இக்கணக்கின் அடித்தளம் 1956இல் ஆட்டங்கண்டது. அமெரிக்கப் படையில் பணியாற்றிய பால்ட்வின் முதலிய நால்வர் மேசைக் கணக்கிடும் கருவிகளைக் கொண்டு பிளாக்ஜாக்கின் சிறந்த ஆடுமுறையை வகுத்து வெளியிட்டனர். அதன்படி ஆடினால் நிறுவனத்தின் சாதகம் ஒரு விழுக்காட்டுக்கும் கீழிறங்கும். 1962இல் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப், விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்துப் பந்தயத்தை மாற்றினால் சாதகம் ஆட்டக்காரர் பக்கமே சாயும் என்று நிறுவினார். 1964இல் லாஸ் வேகாஸ் கேசினோக்கள் விதிகளை இறுக்கின. எளிய ஆட்டக்காரரும் மேசையை விட்டு விலகவே, சில வாரங்களில் பழைய விதிகள் திரும்பின.

விதியால் இயலாததை வேவு செய்தது. 1967இல் தோன்றிய கிரிஃபின் துப்பறியும் நிறுவனம், ஐயத்திற்குரியோரின் படங்களைத் தொகுத்துக் கேசினோக்களுக்கு வழங்கியது. மனக்கணக்குக் குற்றமன்று, ஆயினும் நெவாடாவில் கணக்கிடுவோரை வெளியேற்ற முடிந்தது. நியூ ஜெர்சியிலோ, கென் உஸ்டன் தொடுத்த வழக்கில் 1982இல் மாநில உச்ச நீதிமன்றம், சீட்டெண்ணும் திறனுக்காகக் கேசினோ தானாக ஒருவரை விலக்க இயலாது என்று தீர்ப்பளித்தது.

1994இல் மாக்ஸ் ரூபின் எழுதிய ‘காம்ப் சிட்டி’ வேறொரு வழியைக் காட்டியது. மேசையை வெல்வதினும் மதிப்பீட்டை வெல்வது எளிது என்பதே அதன் சாரம். மணிக்கு 60 ஆட்டம், 25 டாலர் பந்தயம், 4 மணி நேரம் என்றால் மொத்தப் பந்தயம் 6,000 டாலர். 2 விழுக்காட்டு இழப்பைக் கருதும் மேற்பார்வையாளர் 120 டாலர் எனக் குறித்து, அதில் 40 விழுக்காட்டைத் தந்தால் விருந்தின் மதிப்பு 48 டாலர். திறமையாக ஆடுபவரின் எதிர்பார்க்கத்தக்க இழப்போ அரை விழுக்காட்டில் 30 டாலர். மேற்பார்வையாளர் நோக்குகையில் பந்தயத்தை உயர்த்துவதும், இடையிடையே மேசையை விட்டு எழுந்து ஆட்ட எண்ணிக்கையைக் குறைப்பதும் இவ்விடைவெளியை மேலும் பெருக்கின. சீட்டை எண்ணாததால் ஐயம் எழ வாய்ப்பும் குறைந்தது.

2011வாக்கில் அட்லாண்டிக் சிட்டியில் டான் ஜான்சன் இவ்வழியை அதன் எல்லைவரை கொண்டுசென்றார். பொருளாதாரச் சரிவில் பெரும் ஆட்டக்காரரைத் தேடிய கேசினோக்களிடம், இழப்பில் 20 விழுக்காட்டுத் தள்ளுபடியும் சாதகமான விதிகளும் பேசிப் பெற்றார். சில மாதங்களில் மூன்று கேசினோக்களிடம் ஏறத்தாழ 1.5 கோடி டாலர் வென்றார். அவர் சீட்டை எண்ணவில்லை, ஒப்பந்தத்தை எண்ணினார்.

விருந்தளிக்கும் கையும் வெளியேற்றும் கையும் ஒரே ஏட்டைப் புரட்டுகின்றன. தோற்பார் எனக் கணிக்கப்படும்வரை ஒருவர் விருந்தினர். அக்கணிப்புப் பொய்க்கும் நாளில் அவரே ஐயத்திற்குரியவர்.